இருபத்தாறு நிமிட ஆல்பம்

கேளம்பாக்கம், காலை

தீபா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னபோது நான் பாட்டை முடித்திருந்தேன். அவள் கடைசிச் சரணத்தின் நடுவில் இருந்தாள். டிரம்மர்களுக்கு இது தொழில் நோய். படிக்கிற சக நோயாளிகள் யாருக்கும் தெரியாமல் ஒரு முறை தலையாட்டிக்கொள்ளலாம்.

நாங்கள் இருவர் மட்டுமே உள்ள பங்க் பேண்ட்; ராக் இசையிலேயே வேகமும் கத்தலும் அதிகமான வகை. பாட்டும் கிட்டாரும் தீபா, டிரம்ஸ் நான். முதல் ஆல்பத்துக்காக ஸ்டுடியோவை ஒரு நாள் எடுத்திருந்தோம். ஆறு முறை வாசித்து, ஆறு முறையும் நான் முன்னால் ஓடிவிட்டேன். ஒலிப்பதிவாளர் பீட்டர் அண்ணா என்னைப் பார்க்காமல் தீபாவிடம் சொன்னார்: "சாப்பிட்டு வந்து இன்னொரு டேக். அதுவும் சரியா வரலன்னா டிரம்ஸை மெஷின்ல போட்டுக்கலாம்மா. கேக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்து, இப்படி வாசிக்க யாரிடம் கற்றேன் என்று யோசித்தேன்.

சிட்லபாக்கம் மொட்டைமாடி

கல்லூரியில் ஒருவன் லிங்க் அனுப்பினான். வெளிநாட்டு பங்க் பேண்ட் ஒன்றின் முதல் ஆல்பம். பதினான்கு பாட்டு, இருபத்தாறு நிமிடம். கேட்டு முடித்து நிமிர்ந்தபோது நான் இறங்கவேண்டிய நிறுத்தம் எங்கோ பின்னால் போய், பேருந்து மேடவாக்கத்தில் நின்றது. அந்த டிரம்மருக்கு இரண்டு கைகள்தானா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

வீட்டில் டிரம்ஸ் வைக்க இடமில்லை. மொட்டைமாடியில் தண்ணீர் கேன்களைக் கவிழ்த்துவைத்து, போனில் ஆல்பத்தை ஓடவிட்டு, கூடவே அடித்தேன். முதல் பாட்டைப் பிடிக்கவே ஐந்து மாதம். ஆல்பம் முழுவதையும் பிடிக்க மூன்று வருஷம். கடைசிப் பாட்டை அந்த டிரம்மரோடு சேர்ந்து முடித்த அன்று, உடனே முதல் பாட்டிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். துணி உலர்த்த வந்த இரண்டாம் மாடி அக்கா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இது பாட்டாப்பா? தண்ணி லாரிகிட்ட சண்டைன்னு நெனச்சு ஓடியாந்தேன்."

ஜெசி அக்கா

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தேவாலயம், நண்பனின் கல்யாணம். டிரம்ஸ் வாசித்தவர் ஜெசி அக்கா. வார நாட்களில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. பல்லவி முழுவதற்கும் ஒரே ஒரு அடி அடித்தார். நாற்பது பேர் அந்த ஒரு அடியில் சாய்ந்துகொண்டு பாடினார்கள். எனக்குப் புல்லரித்தது. அவர்கள் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை அன்றே கேட்டு வாங்கினேன். இன்றும் நான் அதிகம் கேட்பது அதைத்தான். பங்க் நண்பர்களிடம் சொன்னதில்லை.

வாசிக்காத நேரத்தில் கை எப்படிச் சும்மா இருக்கிறது என்று கேட்டேன். "சும்மா எங்க இருக்கு? அடிக்காம இருக்கறதுக்குத்தான் நான் ரிகர்சலே போறேன்."

பள்ளிக்கரணை

ஒரு சாவு ஊர்வலத்தின் பின்னால் பைக்கோடு மாட்டிக்கொண்டேன். ஐந்து மேளக்காரர்கள். ஒருவர் தோளில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டே அடித்தார். வேகம் ஏறியது, இறங்கியது. ஐவரும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சாலை அகன்று வழி கிடைத்த பிறகும் நான் முந்தவில்லை. முதல் கியரிலேயே பின்னால் போனேன்.

அவர்கள் டீக்கடையில் நின்றபோது, வேகத்தை எப்போது ஏற்றுவது என்று யார் சொல்வார்கள் எனக் கேட்டேன். போன் பேசியவர் சொன்னார்: "யாரு சொல்றது? தூக்கிகினு போறவன் காலைப் பாத்துகினே அடிக்கிறோம். அவன் தடுக்கினா நாமளும் தடுக்கணும், அவ்ளோதான்."

கேளம்பாக்கம், மதியம்

"யாரைக் கேட்டுடா கத்துகின?" என்றார் பீட்டர் அண்ணா, இலையைச் சுருட்டிக்கொண்டே. போனில் அந்த ஆல்பத்தைப் போட்டேன். அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை. "பாடறவன் குரல் இவ்ளோ கீச்சுன்னு இருக்காதே" என்று உள்ளே போய், அதே ஆல்பத்தின் இசைத்தட்டோடு வந்து ஓடவிட்டார்.

குரல் கனமாக, நிதானமாக வந்தது. ஆல்பம் இருபத்தாறு நிமிடமில்லை, முப்பது; நான்கு நிமிடம் கூடுதல். இணையத்தில் திருட்டுத்தனமாக ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேகத்தைக் கூட்டி ஏற்றுவார்களாம். நான் மூன்று வருஷம் துரத்திப் பிடித்தது எந்த மனிதனும் வாசிக்காத ஒரு வேகத்தை.

அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு அடிகளுக்கு நடுவில் அந்த டிரம்மரின் ஸ்டூல் கிரீச்சிட்டது. போனில் இருந்த ஆல்பத்தின் வேகத்தில் அந்த இடைவெளியே தெரிந்ததில்லை. ஆயிரம் முறை என்னோடு வாசித்த ஆள், இப்போதுதான் அறைக்குள் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

ஏழாவது டேக். பாடும்போது தீபாவின் வலது பாதம் தரையைத் தட்டும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அதை மட்டும் பார்த்து வாசித்தேன். இருவரும் ஒன்றாக முடித்தோம். அவள் கிட்டாரைக் கழற்றாமலே திரும்பினாள். "ரெண்டு வருஷமா என் தொண்டைய கிழிச்சியேடா, இத எங்க வச்சிருந்த?"

எங்கள் பேண்டில் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தேன். ஆல்பத்தைத் திருடி ஏற்றிய அந்த மூன்றாவது ஆள் அன்று விலகிக்கொண்டார்.

பீட்டர் அண்ணா டிரம் மெஷினின் வயரைக் கழற்றி, சுற்றி, மேல் தட்டில் வைத்தார்.