நாலு டாக்டர்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு, நாகலூரிலிருந்து

மார்பில் கட்டி என்று சேலத்துக்குப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன். நான் போனது 1994 ஜனவரியில், காப்பிப் பழம் பறிக்கிற சமயம். இடது மார்பில் காப்பிக்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டு இரண்டு மாதமாகியிருந்தது. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது.

நாகலூரில் காலை ஆறேகால் பஸ். ஏற்காட்டில் மாறி, முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். டிக்கெட் ஐந்து ரூபாய். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நான் ஏறிப் பட்டேன். கடைசியில் என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த அவர் கூட வந்தார்.

அவர் முன்பே விசாரித்தபோது ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் டாக்டர் தொட்டுப் பார்த்தார். மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசியால் குத்திச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, "நாலு டாக்டருங்களும் ஒன்னா உக்காந்திருக்காங்க, உள்ள வாங்க" என்றார்.

நாலு பேர் என்றால் எனக்கு வேறென்ன ஞாபகம் வரும்?

"ஏனுங்க, ஊட்டுக்குப் போயிரலாங்க. தூக்கறதுக்கு நாலு பேரு வந்துட்டாங்க" என்றேன். அவர் தடுக்கவில்லை, அவருக்கும் அதே பயம். கேட் வரைக்கும் வந்துவிட்டோம். நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தார். அவருக்கும் எங்கள் மலைதான், வாழவந்தி ஊர்.

"எங்கீங்க போறீங்க? ஒருத்தரு கைக்குத் தப்புனது இன்னொருத்தரு கண்ணுக்குத் தெரியுமுங்க. அதுக்குத்தான் நாலு பேரு. அஞ்சாவதா உங்களுக்கும் ஒரு சேரு போட்டிருக்குதுங்க."

போய் உட்கார்ந்தேன். கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று ஆபரேஷன் டாக்டர் எழுதி வைத்திருந்தார். எக்ஸ்ரே டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அக்குள் பக்கம் விரல் வைத்தார்.

"சார், இங்க இன்னொன்னு இருக்கு. கைக்கு அகப்படாது."

ஆபரேஷன் டாக்டர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு தான் எழுதியதை அடித்துவிட்டார். பின்னால் வந்த சோதனை முடிவில் இரண்டும் புற்றுநோய்தான். ஆபரேஷன், மருந்து, கரண்ட் வைத்தியம் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு என ஒரு வருஷம் ஓடியது. பிழைத்தெழுந்து, பின்னாளில் மகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தேன்.

போகிறவர்களுக்கு: டாக்டர்கள் சேர்ந்து உட்காரும் நாளை விசாரித்துப் போங்கள். பழைய எக்ஸ்ரே, சீட்டு எதையும் விடாதீர்கள். நாலு பேரை ஒன்றாகப் பார்த்தால் பயம் வரும், எனக்கு இன்னும் வருகிறது. வந்தாலும் கேட் பக்கம் திரும்பாமல், ஐந்தாவது நாற்காலியில் போய் உட்காருங்கள்.