ஒடித்த ஐந்து கன்றுகள்

வேலாயுதம் போய்விட்டார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தபோது, பாளையங்கோட்டைக் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன் பயம்தான் வந்தது. ஏன் என்று, அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

தாவரவியல் துறையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருக்கு ஒரு மரத்தின் மேல் பித்து. பைன், ஃபிர் மரங்களுக்கு உறவு. நம் மலையில் தானாக வளரும் ஊசியிலை இனம் அது ஒன்றுதான். ஆனால் இலை ஊசியாக இராது. அகலமாக, நடுநரம்பே இல்லாமல் இருக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பாபநாசத்துக்கு மேலே, மேகம் தங்கும் சோலைகளில் அபூர்வமாக நிற்கும். “பேரு ஒண்ணு, ஆளு ஒண்ணுன்னு நம்மள மாதிரி மரம் வே” என்பார்.

ஒருமுறை அந்த இனத்தில் பெண் மரம் ஒன்றைத் தேடிப் போனோம். திரும்ப வழி தெரிவதற்காகச் சிவப்புத் துணியைக் கிழித்துக் கிளைகளில் கட்டிக்கொண்டே போனார். “மரத்துல கத்தி படப்பிடாது” என்பது அவர் சட்டம். பாதியிலேயே துணி தீர்ந்துவிட்டது. மூடுபனி வேறு இறங்கியது. அவர் முன்னால் போக, பின்னால் வந்த நான் பயத்தில் அவருக்குத் தெரியாமல், கைக்கு எட்டிய கன்றுகளின் நுனியை ஒடித்துக்கொண்டே போனேன். ஐந்து கன்றுகள்.

மரத்தடியை அடைந்ததும் பக்கத்தில் மூங்கில் முறிந்தது. “ஆனை நிக்கி. பைய வாரும்” என்றார். ஓரடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கன்றுகளை ஒடித்து வந்ததை அப்போதுதான் சொன்னேன்; ஒடிந்த நுனிகளைக் கையால் தடவித் தடவியே, கடைசியாகக் கட்டிய சிவப்புத் துணிக்கு வந்து சேர்ந்தோம். என் வேட்டி நனைந்திருந்தது. அது பனியால் மட்டும் அல்ல.

எஸ்டேட் டீக்கடையில்தான் என் கையை விரித்துப் பார்த்தார். கடைசியாக ஒடித்த நுனியை இறுக்கிப் பிடித்தபடியே வந்திருக்கிறேன். இலையை வெளிச்சத்தில் பிடித்தார். நடுநரம்பு இல்லை.

“எல்லாம் இதே கன்னுதானா?”

இலையைப் பார்க்காமலே ஒடித்தேன் என்று ஒரு தாவரவியல் ஆசிரியன் எப்படிச் சொல்வது? ஆமென்று தலையாட்டிவிட்டேன்.

“உசுரோட வந்தாச்சுல்லா, விடும்” என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

அதன்பின் ஆண்டுதோறும் தனியாகப் போய்வந்தார். கன்றுகள் துளிர்த்தனவா என்று நான் கேட்டதே இல்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில், “அந்தக் கன்னுவ இருக்குல்லா வே…” என்று தொடங்கினார். “பிறகு பேசலாம், தூங்கும்” என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த நுனியை அவர் பாடம் செய்து ஒட்டிய தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. பறித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார்.

மழை விட்டதும் அந்தக் கன்றுகளைப் பார்க்க மேலே போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. சிவப்புத் துணி நிறைய எடுத்துக்கொள்வேன்.