பையை மாட்டினவனுக்கு நஷ்டஈடு கிடையாது

வேலை போனால் கம்பெனி ஏதாவது தருமா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். தரும். அவர்கள் உன்னை அனுப்பினால் தரும், நீயாகப் போனால் தராது. இதை நான் புஸ்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருத்தன் வயிற்றில் அடித்துத் தெரிந்துகொண்டேன். மூடி மறைத்து எழுத இனிமேல் எனக்கு என்ன இருக்கிறது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. ஆணி

சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்த வருஷம் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். மொத்தம் அஞ்சு வண்டி. ஆபீஸ் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். டூட்டி முடிந்த கண்டக்டர் வசூலைக் கட்டிவிட்டு, டிக்கெட் புக்கைத் தோல்பையில் போட்டுப் பூட்டித் தன் வீட்டுக்கு எடுத்துப் போவான். பை அவனோடுதான் இருக்கும். அப்படியென்றால் ஆணி எதற்கு?

கோபத்துக்கு. எங்கள் கம்பெனியில் அது ஒரு வழக்கம். முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசுவார். ரோஷமுள்ள கண்டக்டர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இந்தாங்க ஒங்க பையி, நான் வாரேன்" என்று நடையைக் கட்டுவான். மூணு நாளோ நாலு நாளோ வீட்டில் இருப்பான். அப்புறம் நான் வெற்றிலை பாக்கும் ஒரு பொட்டலம் காராசேவும் வாங்கிக்கொண்டு போய், "மொதலாளி கூப்பிடுறாருப்பா" என்று அழைத்து வருவேன். முதலாளி நிமிர்ந்து பார்க்காமல், "கட்டுமாவடி வண்டிக்குப் போ" என்பார். அவ்வளவுதான் சமாதானம். மாப்பிள்ளை முறுக்கு மாதிரிதான், யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை.

பையை மாட்டும்போது ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "டிக்கெட் புக்கும் பையும் ஒப்படைத்தேன். எனக்கும் கம்பெனிக்கும் இனி எந்தப் பாத்தியமும் இல்லை." இந்த வாசகம் நான் யோசித்து எழுதிக் கொடுத்தது. டிக்கெட் புக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று பின்னால் யாரும் பேசக்கூடாது பாருங்கள், அதற்காக. கண்டக்டர்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆள் திரும்பி வந்ததும் சீட்டைக் கிழித்துப் போடுவேன்.

2. முதலாளி கேட்ட கேள்வி

அறுபதாம் வருஷத் தொடக்கத்தில் கம்பெனி நொடித்தது. ரெண்டு வண்டியை விற்க முதலாளி முடிவு செய்தார். ஆறேழு பேர் உபரி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஆளைக் குறைச்சா என்னமோ நஷ்டஈடு குடுக்கணுமாமே?"

எனக்குப் பெருமை. சட்டம் வந்ததிலிருந்து அதைக் கரைத்துக் குடித்தவன் நான். "ஆமாங்க. ஒரு வருஷத்துல எரநூத்து நாப்பது நாள் வேலை பாத்திருந்தா, ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும். சர்வீஸ் வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம் வேற."

"நாம நிறுத்தினா குடுக்கணும். அவனாப் போனா?"

"அவனாப் போனா ஒண்ணும் குடுக்க வேண்டியதில்லீங்க."

"சரி, அப்ப போகட்டும்ப்பா" என்றார்.

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றே சொல்லலாம், நான்தான் புரியாத மாதிரி பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

3. மீன் கூடை

ஆரோக்கியம் எங்கள் கண்டக்டர்களில் மூத்தவன். ஊர் ஆவூர் பக்கம். பதினோரு வருஷ சர்வீஸ். ஒரு சல்லிக் காசு குறைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்க்காமல் வண்டி ஏற மாட்டான், அது ஒன்றுதான் அவனோடு தொல்லை. அந்த வருஷம் மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தான்.

அவன் ஓடியது கட்டுமாவடி ரூட். காலை டிரிப்பில் டாப்பில் மீன் கூடை ஏறும். கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு. ஒருநாள் வண்டி வந்து நின்றதும் முதலாளி ஆபீஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார், பாசஞ்சர் அத்தனை பேர் பார்க்க.

"கூடை எத்தனை ஏறுச்சு, டிக்கெட் எத்தனை போட்டே? மிச்சக் காசு எங்கிட்டுப் போச்சு? திருட்டுப் பயலே!"

ஆரோக்கியம் முகம் செத்துப்போனது. கூடையை இறக்கி எண்ணினான். டிக்கெட் அடிக்கட்டையைக் காட்டினான். ரெண்டும் சரியாக இருந்தது. முதலாளி அதைப் பார்க்கவேயில்லை. "எண்ணத் தெரியாதவனா நீ? திருடன் கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அவன் உள்ளே வந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சீட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான். "அண்ணே, டிக்கெட் நம்பரைச் சரி பாத்துக்கங்க" என்றான். திருடன் என்று கேட்ட பிறகும் அவன் கவலை அதுதான்.

நான் சரி பார்த்தேன். முதலாளி உள்ளே வந்து, "மஸ்டர் ரோல்ல எழுதுப்பா. தானா வேலையை விட்டு நின்னுட்டான்" என்றார். எழுதினேன்.

அஞ்சு நாள் ஆயிற்று. யாரும் ஆவூருக்குப் போகவில்லை. நான் போகிறேனே என்று கேட்டதற்கு முதலாளி, "ஒனக்கு ஆபீஸ்ல வேலை இல்லையா?" என்றார். பத்தாம் நாள் ஆரோக்கியமே வந்தான். வாசல்படி ஏறாமல் நின்றான்.

"என்னண்ணே, காராசேவு கடை மூடிட்டாங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் ஆணி வரிசையைப் பார்த்தான். அதற்குள் அதில் இன்னும் மூணு பை தொங்கியது. ஆள் புரிந்துகொண்டான்.

4. திருச்சி

யூனியன்காரர் ஒருவர் ஆரோக்கியத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். திருச்சி லேபர் ஆபீசில் விசாரணை. முதலாளி என்னைச் சாட்சியாகக் கூட்டிப் போனார். வழியில் காப்பி வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் காப்பி.

ஆபீசர் நல்ல மனுஷன். சீட்டை ரெண்டு தடவை படித்தார். "கையெழுத்து ஒங்களுதுதானே?" என்றார். ஆரோக்கியம், "எங்க கம்பெனி வழக்கம் சார். கோவத்துல எழுதுறது. பெறகு கூப்பிட்டுக்குவாங்க. என்னையே நாலு தடவை கூப்பிட்டிருக்காங்க. இந்த அண்ணன்தான் வந்தாரு, கேட்டுப் பாருங்க" என்று என்னைக் காட்டினான்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "அப்படி வழக்கம் உண்டா? நீங்க போய்க் கூப்பிட்டு வந்திருக்கீங்களா?"

கிழித்துப் போட்ட சீட்டுகளுக்கு என்னைத் தவிர சாட்சி கிடையாது. ஆரோக்கியம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், கொஞ்சமும் சந்தேகமில்லாமல். பக்கத்து நாற்காலியில் முதலாளி. என் வீட்டில் நாலு உருப்படி, எனக்கு வேறு தொழில் தெரியாது. இதெல்லாம் காரணம். காரணம் யாருக்குத்தான் இல்லை?

"எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன்.

ஆபீசர் பேனாவை மூடினார். தானாக விலகியவருக்குச் சட்டத்தில் இடமில்லை என்று வருத்தத்தோடுதான் சொன்னார். ஆரோக்கியம் எழுந்து வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்களுக்கு முன்னால் தனியாக நடந்து போனான். மகள் கல்யாணம் நின்றது என்று அந்த வைகாசியில் கேள்விப்பட்டேன்.

5. என் முறை

பாவம் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும் என்பார்கள். நாலு வருஷம் கழித்து வந்தது. மிச்ச வண்டிகளையும் முதலாளி விற்க ஆரம்பித்தார். கிளார்க் எதற்கு?

முதலில் என் மேஜையைத் தூக்கி டீசல் பீப்பாய் பக்கத்தில் போட்டார்கள். பிறகு விசிறியைக் கழற்றினார்கள். அப்புறம் ஒருநாள், மெக்கானிக் கிளீனர் எல்லாரும் நிற்க, "ஸ்டாம்பு வாங்குற காசுல எத்தனை அடிச்சே, திருட்டுப் பயலே! மானம் ரோஷம் இருந்தா எந்திரிச்சுப் போயிருப்பியே!" என்றார்.

எனக்குத்தான் சட்டம் தெரியுமே. எழுந்திருக்கவில்லை. குனிந்து ஸ்டாம்பு எண்ணினேன். ஏழு மாசம் இப்படி. எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் அவருக்கே அலுத்துப்போய் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தார். பதினாறு வருஷ சர்வீஸுக்கு நஷ்டஈடு, முழுசாக வாங்கினேன்.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு ஆலங்குடிக்குப் போனேன். ஆரோக்கியம் அங்கே ஒரு முந்திரிக்கொட்டை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. "வாங்கண்ணே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு நோட்டீஸ் கொடுத்ததை, நஷ்டஈடு வாங்கியதை எல்லாம் உளறிக் கொட்டினேன். ரூபாயை நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. தராசுத் தட்டைத் துடைத்தபடியே கேட்டான்.

"ஒங்களையும் திருடன்னு சொன்னாராண்ணே?"

"சொன்னாரு."

"எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"உக்காந்திருந்தேன்."

"அதுக்குத்தாண்ணே அந்தக் காசு. நீங்களே வச்சுக்கங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றப் போய்விட்டான்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யார் ஏசினாலும் பையைக் கழற்றாதீர்கள், சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டம் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் படியளக்கும். இது நான் கிளார்க்காகக் கற்றது.

மற்றது ஆலங்குடியில் கற்றது. என்றைக்காவது ஓர் ஆபீசர் உங்கள் பக்கம் திரும்பி, நீங்கள் போய்க் கூப்பிட்டு வந்ததுண்டா என்று கேட்பார். "ஆமாங்க, நான்தான் போனேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்த மூணு வார்த்தையை அன்றையிலிருந்து தினமும் சொல்லிப் பார்க்கிறேன். சுளுவாகத்தான் வருகிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.