செல்வத்தின் இடுப்பு அளவு

இன்று விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போய், மகன் செல்வத்துக்கு ரப்பர் ஷீட் வைத்த டவுசர் தைக்கக் கொடுத்தேன். லாரியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து மூத்திரம் போவதே அவனுக்குத் தெரிவதில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் ரெடிமேடாக எங்கே கிடைக்கிறது?

உள்ளூர் டெய்லரிடம் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். இப்போது நானே உங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"கொஞ்சம் லூசாவே தைங்க பாய், வளர்ற புள்ள" என்றேன். பள்ளிக்கூட டவுசர் தைத்த காலத்துப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"லூசா இருந்தா தொடை வழியா ஒழுகிடும்ண்ணே. அளவு குடுங்க."

இடுப்பை அளந்து முடிச்சுப் போட்டிருந்த நூலை நீட்டினேன். பாய் அதை டேப்பில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாண்ணே, சின்னப் பையன் அளவ எடுத்துக்கினு வந்துட்டீங்க?"

"இல்ல பாய். அவன்தான் அப்படி ஆயிட்டான்."

பாய் நூலைச் சுருட்டி அளவு நோட்டுக்குள் வைத்தார். பிறகு, "அளவாவே தைக்கிறேன். உள்ள ரெண்டு விரல் துணி மடிச்சி விடறேன். உடம்பு தேறினா பிரிச்சிக்கலாம்" என்றார்.

அப்படித் தையல் பிரிக்கும் அளவுக்குத் தேறிய பிள்ளை உங்களில் யார் வீட்டிலாவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, நான் நம்பிக்கொள்வேன்.