நீல ஒயரில் காய்ந்த புடவை

எங்கள் வீட்டு இன்டர்நெட் ஒயர் நீல நிறம். மோடம் முன்னறையில் இருக்கிறது. கணினி இருப்பது ஏரியைப் பார்த்த பின்னறையில். நடுச்சுவரைத் துளைக்க மனம் வராததால், ஒயரை முன்னறை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பக்கச் சுவரில் ஆணிகள் அடித்துத் தொங்கவிட்டு, பின்னறை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு கொடிக்கயிறு. பழவேற்காட்டில் கொடிக்கயிறு போலத் தெரியும் எதிலும் மாலைக்குள் ஏதாவது தொங்கும்.

அதில் தொங்கியது பின்வீட்டு அம்மாவின் புடவை. அவர் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் போடுவார். பிற்பகலில் திரும்பும் பெண்கள் எல்லோரும் எங்கள் பக்கச் சுவரை ஒட்டிய தெருக்குழாயில்தான் சேற்றைக் கழுவுவார்கள். இவர் மேலே சுற்றியிருக்கும் பழைய புடவையை அங்கேயே அலசிப் பிழிந்து ஒயரில் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் காலை ஏரிக்குப் போகும்போது எடுத்துக்கொள்வார். அவர் வீட்டு முற்றத்தில் வெயில் விழாது. எங்கள் சுவரில் விழும். எனக்கு அதில் ஆட்சேபம் இருந்ததில்லை.

நான் சென்னை நாளிதழ் ஒன்றில் செய்திகளைத் திருத்தும் வேலை பார்த்தவன். இப்போதும் அதே வேலைதான், வீட்டிலிருந்து, பிற்பகலில் தொடங்கி. மனைவிக்குத் திருப்பாலைவனத்தில் ஆசிரியர் வேலை. புயல் மழைக்குப் பிறகு எங்கள் இணைப்பு அறுந்து அறுந்து வரத் தொடங்கியபோது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் தாமதமாகப் போகும், அலுவலகத்திலிருந்து ஒரு போன் வரும், அவ்வளவுதான். பின்வீட்டுப் பெண் வந்து கேட்ட பிறகுதான் அது பெரிதானது.

அந்த அம்மாவின் மகள். பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குச் சரக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு எழுத்துத் தேர்வு, கணினியில். அவள் அப்பா ஒரு காலத்தில் அந்தத் துறைமுகத்துக்கு எதிராகக் கொடி பிடித்து ஊர்வலம் போனவர்.

"நைனா ஒண்ணும் சொல்லல சார். கோவமாக் கூட இல்ல. அதான் பயமாகீது" என்றாள்.

தேர்வுக்கான விதிகளைப் போனில் காட்டினாள். மேசைக் கணினி வேண்டும், கேமரா வேண்டும், ஒயர் இணைப்பு வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. இணைப்பு ஒருமுறை அறுந்தால் மீண்டும் உள்ளே வரலாம். மறுமுறை அறுந்தால் தேர்வு மூடிக்கொள்ளும். அதோடு அந்த வேலை போய்விடும்.

"எங்க வீட்ல எழுது" என்றேன். சொல்லும்போதே திரையின் மூலையில் இணைப்பைக் காட்டும் சின்னக் கணினிப் படம் மறைந்து, குறுக்குக் கோடு போட்ட உருண்டை வந்தது. அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் அந்த ஒயரின் பின்னால் அலைந்தேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். ஒயரை அடுத்த துளைக்கு மாற்றினேன். கணினியின் மின்சிக்கன அமைப்பில் ஒரு டிக்கை எடுத்தேன். கறுப்புத் திரையில், இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டு, பதில் வரும் வரிகளை டெலிபிரின்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில், பதில், பதில், பிறகு மௌனம். குனிந்து மேசைக்கு அடியில் போய், கணினிப் பெட்டியின் முதுகில் சொருகியிருந்த பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். பச்சை விளக்கு எரியும். எழுந்து வந்தால் இணைப்பு இருக்கும். உட்கார்ந்து வேலையைத் தொடங்கிச் சற்று நேரத்தில் போய்விடும்.

பொன்னேரியிலிருந்து லைன்மேன் பைக்கில் வந்தார். மோடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தார், அந்தப் பக்கப் பிளக்கை வெட்டிப் புதிதாக அடித்தார்.

"எங்க லைன் கிளியரா கீது சார். பிரச்சன உங்க ஒயர்லதான் எங்கியோ. வெளிய போகுது பாருங்க, உப்புக் காத்து."

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் எழுதினேன்.

இணைப்பு அறுவது பெரும்பாலும் பிற்பகலில். புடவை ஒயரில் விழுவதும் பிற்பகலில். ஈரப் புடவையின் கனத்தில் ஒயர் வில்லாக வளைவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உப்புச் சேற்றுத் தண்ணீர் ஒயர் நெடுகச் சொட்டுவதையும் பார்த்தேன். ஒரு நிருபர் இப்படி ஒரு செய்தியோடு வந்திருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

வெளியே போனேன். குழாயில் நாலைந்து பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்வீட்டு அம்மா புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க இதுல துணி போட்டதும் லைன் போயிடுது. பொண்ணு பரீட்சை வேற இருக்கு" என்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் சொன்னதால் அது முடிந்துபோன விஷயம்போல ஒலித்திருக்கும்.

"ஐயோ, இன்னா சார், என் புடவையில இன்னா கரண்டா கீது?" என்று சிரித்தார்.

குழாயைப் பிடித்திருந்த பெண் விடவில்லை. "கரண்டு இல்லடி, சேறு. ஊருக்கு வர்ற இன்டர்நெட்டையே அடச்சுட்டியே!"

"அதுக்குள்ள எறா பூந்துருக்கும், தொழாவிப் பாருக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மா மட்டும் நிறுத்தியிருந்தார். ஒயரைப் பார்த்தார், பிழிந்த புடவையைப் பார்த்தார்.

"பரீட்ச நிக்குமா சார் அதால?"

"நின்னாலும் நிக்கும்" என்றேன்.

புடவையை மறுபடி மேலே சுற்றிக்கொண்டு, ஈரத்தோடு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் அவர் குழாய்க்கே வரவில்லை. படகுத்துறையிலிருந்து பெரிய தெருவைச் சுற்றிக்கொண்டு, சேறு காய்ந்த காலோடு போனதை என் மனைவி பேருந்திலிருந்து இறங்கும்போது பார்த்திருக்கிறாள்.

"அவங்கள இன்னா சொன்னீங்க?"

சொன்னேன்.

"ஒயர் மேல தப்பா, துணி மேல தப்பான்னு சரியாத் தெரியுமா உங்களுக்கு?"

"லைன்மேனே சொன்னாரு."

அவர் சொல்லாததை அவர் பெயரில் சொன்னேன் என்பது வாயைவிட்டுப் போனதும் தெரிந்தது. திரும்ப எடுக்கவில்லை.

தேர்வுக்கு முன் மகள் ஒத்திகைக்கு வந்தாள். அவளை முக்காலியில் உட்காரவைத்து, நான் நாற்காலியில் உட்கார்ந்து எங்கே அழுத்துவது என்று காட்டிக்கொடுத்தேன். ஒத்திகைத் தேர்வின் பாதியில் குறுக்குக் கோடு வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ஒயரில் ஒன்றுமில்லை.

"பழைய ஈரம்" என்றேன். "உள்ள எறங்கியிருக்கும். இனிமே காஞ்சிடும்."

அவள் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா மறுநாள் பழந்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, என் சுவரில் இருந்த ஒயரை முனையிலிருந்து முனைவரை துடைத்தார். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்தேன். குழந்தையின் தலையைத் துவட்டுகிற மாதிரி, மெதுவாக, விட்டுவிட்டுத் துடைத்தார்.

தேர்வு அன்று அவர் ஏரிக்குப் போகவில்லை. மகளை உள்ளே அனுப்பிவிட்டு, சுவரோரம் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தார். கையில் சின்னக் குச்சி. காக்காய் வந்தால் ஓட்ட. அறையில் யாரும் இருக்கக் கூடாதென்பதால் நானும் வெளியே வந்து பக்கத்தில் நின்றேன். குழாய்க்கு வந்தவர்களை அவர் தூரத்திலேயே நிறுத்தினார்.

"இப்ப யாரும் கிட்ட வராத. தண்ணி தெறிக்கும்."

"ஏன்டி, உம் பொண்ணு ஒயருக்குள்ள கீறாளா?"

"ஆமா, உள்ளதான் கீறா. போ அப்பால."

என்னிடம் மெல்லக் கேட்டார்: "இது வழியாதான் போவுதா சார், அவ எழுதறது?"

"இது வழியாத்தான்."

அதற்குப் பிறகு அவர் ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காற்று அதைச் சுவரில் தட்டியபோதெல்லாம் அவர் உடம்பு ஒருமுறை நிமிர்ந்தது.

கதவு திறந்தது. மகளின் முகம் வியர்த்திருந்தது.

"ஒரு தபா கூட அறுந்து போவல சார். கடசி வரிக்கும் வந்துச்சு."

அம்மா எழுந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷமும் வெட்கமும் கலந்திருந்தன.

"பாத்தீங்களா சார். என் புடவதான்" என்றார். "நான்தான் இத்தினி நாளு பேஜார் பண்ணிட்டேன்."

நான் "பரவால்லம்மா" என்றேன். மன்னித்தேன்!

மாலையில் என் பக்கங்கள் வந்தன. நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, படிக்க வசதியாகக் காலை நீட்டினேன். திரையின் மூலையில் உருண்டை வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒயர் வெயிலில் காய்ந்துபோய்க் கிடந்தது. மேசைக்கு அடியில் குனிந்தேன். இணைப்பு வந்துவிட்டது. நிமிர்ந்தேன், காலை நீட்டினேன், போனது. இந்தமுறை குனியவில்லை. காலை மட்டும் இழுத்துக்கொண்டேன். திரும்பி வந்தது.

கணினிப் பெட்டியை வெளியே இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பிளக்கின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்க வேண்டும். சொருகினால் டிக்கென்று மாட்டிப் பிடித்துக்கொள்வது அதுதான். அது இல்லை. முறிந்த இடம் வெள்ளையாக இருந்தது. புயல் மழையின்போது அறைக்குள் தண்ணீர் வரும் என்று பெட்டியைச் செங்கல் மேல் தூக்கிவைத்தேன். அவசரத்தில் ஒயரை விடுவிக்க இழுத்தேன். மழை வடிந்து பெருக்கியபோது நகத்துண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக்கைக் குப்பையோடு தள்ளியதும் இப்போது நினைவுக்கு வந்தது. பிடிமானம் இல்லாத பிளக்கை என் குதிகால் தினமும் பிற்பகலில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. குனிந்து தொட்டுப் பார்த்தபோதெல்லாம் நானே அதை உள்ளே தள்ளியிருக்கிறேன். ஒத்திகை நாளில் நாற்காலியில் இருந்தவன் நான். தேர்வு நாளில் நான் வெளியே நின்றேன். அதனால்தான் இணைப்பு அறாமல் நின்றது.

மறுநாள் ஒயரைக் கழற்றி எடுத்துக்கொண்டு பொன்னேரி போய்ப் புதிய பிளக் அடித்துக்கொண்டு வந்தேன். பிறகு பின்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் பறியின் ஓலையை முடைந்து சரிசெய்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். காலைக் கூட நீட்டிக் காட்டினேன்.

கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ என் புடவ இல்லியா?"

"இல்லம்மா. என் கால்தான்."

"அன்னிக்குக் கொழாயாண்டதான சார் சொன்னீங்க. இத இங்க வந்து சொல்றீங்க."

கோபமில்லை, குத்தலில்லை. எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டார். தப்பாகப் போன செய்திக்கு ஏழாம் பக்கத்தின் மூலையில் இரண்டு வரித் திருத்தம் போட்ட நாட்கள் எனக்கு உண்டு.

அன்று பிற்பகல் குழாயடியில் போய்ச் சொன்னேன், எல்லோரும் இருக்கும்போது. பிளக், நாக்கு, குதிகால் எல்லாம்.  பிறகு குழாயைப் பிடித்திருந்த அதே பெண் சொன்னாள்:

"சாருக்கு நல்ல மனசு. அவ ஃபீல் பண்றாளேன்னு தன் மேல போட்டுக்கறாரு."

"நெசமாத்தான் சொல்றேன்."

"சரி சார், நெசந்தான்" என்று பக்கத்தில் இருந்தவள் சமாதானம் சொன்னாள். "அவ புடவ பட்டா போகும், பரீட்ச அன்னிக்குப் படல, போகல. நாங்க பாத்தோமே."

அவர்கள் பார்த்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு முறிந்த பிளக்தான். அதையும் பொன்னேரிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஒயரை இப்போது உள்ளே மாற்றிவிட்டேன். நடுச்சுவரைத் துளைத்தாயிற்று. அதே ஆணிகளில் நைலான் கயிறு கட்டியிருக்கிறேன், துணி போட மட்டும். மகள் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். அவள் சிரித்துக்கொண்டே பதில் கொண்டுவந்தாள்.

"ரிசல்ட் வர்ற வரிக்கும் அந்தச் செவுத்தாண்டயே வர மாட்டாங்களாம் சார். நானும் சொல்லிப் பாத்துட்டேன். 'சாரு காலுன்னே வச்சிக்கோ, நம்ம இன்னாத்துக்கு சும்மாங்காட்டியும் துணி போட்டுப் பாக்கணும்'னு சொல்றாங்க."

முடிவு இன்னும் வரவில்லை. வேலை கிடைத்தால், புடவையை விலக்கியதால்தான் என்று ஆகிவிடும். கிடைக்காவிட்டால், அந்தப் பழைய ஈரம். எப்படியும் என் குதிகால் அந்தக் கணக்கில் வரப்போவதில்லை.

பிற்பகலில் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கயிறு காலியாக ஆடுகிறது. பெரிய தெரு முனையில் அவர் ஈரப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றிப் போவது இங்கிருந்து தெரியும். பிளக் புதிது, இறுக்கமாக மாட்டியிருக்கிறது, நான் உதைத்தாலும் வராது. ஆனாலும் அவர் முனையைத் தாண்டும்வரை காலை நாற்காலியின் மேல் மடித்து வைத்துக்கொள்கிறேன்.