ஓடைக்கரைச் செடி

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஹரோவில் எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் ஓர் ஓடை இருந்தது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே கோடை விடுமுறையில் ஒருநாள், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் போனேன்.

கரையில் அப்பாவைவிட உயரமான ஒரு செடி, குடை விரித்தாற்போல வெள்ளைப் பூவோடு நின்றது. தண்டை முறித்து வாளாக்கி, இல்லாத எதிரிகளையெல்லாம் வெட்டி வீழ்த்தினேன். சாறு இரு கைகளிலும் வழிந்தது. சட்டையில் துடைத்துவிட்டு, பின்னேரம் வரை வெயிலில் விளையாடினேன்.

மறுநாள் கைகள் சிவந்து எரிந்தன. அதற்கடுத்த நாள் முழங்கை வரை நீர்க் கொப்புளங்கள். கொப்பளிப்பான் அம்மை என்றுதான் அம்மா முதலில் நினைத்தார். அது கைகளில் மட்டும் வராதே என்று பட்டதும் பயந்துபோய், என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

தாதி கொப்புளங்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவரை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் யாராவது என்மேல் சுடுதண்ணீர் ஊற்றினார்களா என்று மிக மென்மையாகக் கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் எப்படி வந்தது? ஓடை என்ற சொல் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். தெரியாது என்று தலை குனிந்துகொண்டேன். அவள் எதையோ எழுதினாள். ‘பிள்ளைகள் பாதுகாப்பு’ என்று எழுதிய அடையாள அட்டை கழுத்தில் தொங்க இன்னொரு பெண் வந்து அதையே கேட்டாள். அவளும் எழுதினாள்.

கதவு திறந்தபோது அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

“பிள்ளை, என்ன நடந்ததெண்டு உள்ளதைச் சொல்லு. நான் ஏசமாட்டன்.”

இப்படிச் சொல்லித்தான் முன்பும் என்னை அகப்படுத்தியிருக்கிறார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது அட்டை மாட்டியிருந்த பெண், இன்றிரவு நான் இங்கேயே தங்க வேண்டும், அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

“ஓடைக்குப் போனனான் அம்மா! செடி முறிச்சனான்!” என்று அலறினேன்.

வயதான டொக்டர் ஒருவர் வந்து கணினியில் ஒரு பூவைக் காட்டினார். அதேதான். அதன் சாறு பட்ட தோல் வெயிலைத் தாங்காதாம். சுடுதண்ணீர் பட்டதுபோல வெந்துவிடுமாம். உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயில் படாமல் மூடியிருந்தால் இவ்வளவுக்கு வந்திராது என்றார். மருந்து பூசிக் கட்டினார்கள். கறுப்புத் தழும்பு கனகாலம் கிடக்கும், அதுவரை நீளக்கைச் சட்டைதான் என்றார்கள்.

என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். போகலாம் என்றார்கள். இன்னொரு தரமும் கேட்டார்.

பஸ்ஸில் அவர் ஏசவேயில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை எல்லாரும் பார்க்க மடியில் இருத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை அழுதார். நாலு கொப்புளத்துக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.