துக்க வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவள்

நைனாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேர், நான் என் அம்மாவைக் கொன்றுவிட்டதாக நம்புகிறீர்கள். துக்க வருஷத்தில் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேனாம், அதனால் இரண்டாவது சாவு விழுந்ததாம். என் காதில் விழாமல் பேசியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாமே விழுந்தது.

மகள் என்ற முறையில் இந்த மலரில் எனக்குச் சில பக்கங்கள் கொடுத்திருக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறேன். இந்த மலரை டைப் செய்து, படங்களை ஒட்டி, அச்சுக்கு அனுப்பியவளும் நானே. முன் அட்டையின் உள்பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு ஒருவர் நிற்கிறார் பாருங்கள், அந்தப் படம் அண்ணன் கொடுத்தது. அதை எடுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், முடியவில்லை. என் பக்கத்தை அண்ணன் படித்துப் பார்க்கவில்லை. "நல்லதா நாலு வார்த்த எழுதிடு" என்றதோடு சரி.

நல்லதாகவே தொடங்குகிறேன். நைனா அனந்தபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பங்கு பிரித்ததில் கிணறு இல்லாத கொல்லை நிலம் அவர் பக்கம் வந்தது. அதை நம்பினால் ஆகாது என்று செஞ்சிக்கு வந்து, பஸ் கண்டக்டர் ஆனார். ஓய்வு பெறும் வரை அந்த வேலைதான். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் அந்த வேலைதான். சாப்பிட உட்கார்ந்தால், "சாம்பார்லாம் எறங்கியாச்சா, ரசம் ஏறு, போலாம் ரைட்" என்பார். வாசற்படியில் நின்று போன் பேசினால், "படியில நிக்காத, உள்ள ஏறி வா" என்பார். அம்மா கரண்டியாலேயே ஒரு தட்டு தட்டுவார். அப்போதும் அடங்க மாட்டார்.

சாயங்காலத்தில் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து கட்சி விவாதம் செய்வார்களே, அதைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். நான்கு பேருக்கும் அவரே குரல் கொடுப்பார். ஒருவர் வாயைத் திறந்தால், "எங்க ஆட்சியிலதான் மழ பேஞ்சுது" என்பார். எதிரில் இருப்பவர் விரலை நீட்டினால், "அந்த மேகமே எங்க ஆட்சியில வந்ததுய்யா" என்பார். நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரிப்போம். உண்மையில் அவர்கள் பேசுவதை விட இது தேவலை என்று அம்மா சொல்வார்.

நைனா எந்தக் கட்சியிலும் இல்லை. இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், பிறகு இது வேண்டியிருக்கும். ஒரு கட்சிக்கும் சந்தா கட்டியதில்லை, ஒரு கொடியையும் தொட்டதில்லை. அம்மாவும் அவரும் ஓட்டுப் போட ஒன்றாகப் போவார்கள். வரும்போது, "எதுல குத்தன, எங்கிட்ட மட்டும் சொல்லு" என்று வழியெல்லாம் அம்மாவைக் கேட்டுக்கொண்டே வருவார். அம்மா சிரிப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். கடைசி வரை சொல்லவும் இல்லை.

எங்கள் வீடு கோட்டைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. பக்கவாட்டுச் சுவர் நீளமாக ரோட்டைப் பார்த்து நிற்கும். தேர்தல் வாடை அடித்தால் போதும், ஆளாளுக்கு வந்து அந்தச் சுவரில் இடம் பிடிப்பார்கள். கேட்பதில்லை, கொள்வதில்லை. மூலையில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதி வைத்துவிட்டால் சுவர் அவர்களுடையதாம். நைனா பனியனோடு வெளியே போய் நிற்பார். "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிச்சவனயே எழுப்பி வுட்டவன் நானு. எஞ் செவுத்துல நீ இன்னாடா துண்டு போடற?" என்பார். எழுத வந்த ஆளுக்கு டீயும் வாங்கிக் கொடுப்பார். டீ குடித்து முடித்ததும் அவர் எதிரிலேயே சுண்ணாம்பு அடிப்பார். வருஷா வருஷம் இது நடந்தது. எந்தக் கட்சிக்கும் அந்தச் சுவர் கிடைக்கவில்லை.

இனி அட்டையில் கை கூப்பி நிற்கிறவர் கதைக்கு வருகிறேன். பெயரெல்லாம் என் பக்கத்தில் வராது. எங்கள் பகுதிப் பிரமுகர் என்றே வைத்துக்கொள்வோம். தெருவுக்குக் கால்வாய் கட்டித் தருகிறேன் என்று அவர் ஆள் வைத்துத் தோண்டினார். எங்கள் வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தின் மேல் நைனா பாலம் போலப் போட்டு வைத்திருந்த கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சிமெண்ட் சிலாப் வரும் என்றார்கள். கால்வாய் வந்தது, சாக்கடை வந்தது, கொசு வந்தது. சிலாப் மட்டும் வரவில்லை. நைனா போகாத ஆபீஸ் இல்லை. அந்த மனுக்களையெல்லாம் என் கடையில்தான் டைப் அடித்தேன். "இன்னும் பணிவா எழுதும்மா" என்பார். கண்டக்டர் வேலையில் ஒருத்தருக்கும் பணியாதவர் அவர்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, கோலம் போடப் போன அம்மா அந்தக் கால்வாயில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இரும்புப் பட்டை வைத்துத் திருகாணி போட்டார்கள். அதன் பிறகு அம்மாவுக்கு வாக்கர் இல்லாமல் நடை இல்லை. பிரமுகர் பழக்கூடையோடு வந்தார், கூடவே போனில் படம் எடுக்க ஒரு ஆள். நைனா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "பழத்த எத்துக்கினு போ. சிலாப்ப எத்துக்கினு வா" என்றார். அன்று சாயங்காலமே, நலம் விசாரித்தார் என்று அந்தப் படம் எல்லோர் வாட்ஸ்அப்பிலும் வந்தது. உங்களில் சிலர் அதற்குக் கைகூப்பும் எமோஜி போட்டீர்கள், பார்த்தேன்.

பங்குனியில் நைனா போனார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. அவரிடமிருந்தும் சத்தம் இல்லை. அடுப்படியிலிருந்து, "இன்னா இன்னைக்கு உங்காளுங்க பேசலியா?" என்று அம்மா கேட்டார். நான் போய்த் தொட்டுப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கு அதிகம் வலித்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் பின்பக்கம் தலை முழுகிக்கொண்டிருந்தோம். அந்த இடைவெளியில் சுவரை எழுதிவிட்டார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, "எங்கள் கட்சியின் மூத்த முன்னோடிக்குக் கண்ணீர் அஞ்சலி". பக்கத்தில் கட்சிச் சின்னம். கீழே நைனாவின் பெயரை விடப் பெரிதாகப் பிரமுகர் பெயர். உயிரோடு இருந்தவரை கிடைக்காத சுவர், பிணம் தெருமுனை திரும்புவதற்குள் கிடைத்துவிட்டது. அனுமதி கொடுத்தது அண்ணன். பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை எடுக்கப் பிரமுகரின் தயவுக்காக அவர் அலைந்துகொண்டிருந்தார், அது உங்களுக்கும் தெரியும். "செத்தவர்க்கு மரியாததான செய்யறாங்க, இதுல இன்னா கெட்டுப் போச்சி?" என்றார். நீங்களும் தலையை ஆட்டினீர்கள்.

அம்மா படுக்கிற அறை அந்தச் சுவருக்குப் பின்னால்தான். கருமாதி முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டார். "அவுர கட்சிக்காரர்னு எழுதி வெச்ச செவுத்துக்குப் பின்னால நான் ஒரு வருசம் படுத்துக் கெடக்கணுமா?" என்றார். நான் எழுதின ஆளையே தேடிப் போனேன், நைனாவிடம் எத்தனையோ முறை டீ குடித்தவர். "எழுதனவன் நான்தாம்மா. அழிச்சா நாளிக்கு எனக்கு ஒருத்தனும் வேல குடுக்க மாட்டான்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே கல் சுண்ணாம்பு வாங்கி வந்து, டிரம்மில் நீற்றி, நீலம் கலந்தேன். அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தாலி அறுத்த மறுநாளே தெருவில் உட்கார்ந்தார் என்று அதற்கும் ஒரு பேச்சு பேசினீர்கள்.

பாதிச் சுவர் முடிவதற்குள் அத்தை ஓடி வந்தார். நைனாவுடன் பிறந்தவர், வயதில் பெரியவர். என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடித்து இழுத்தார்.

"தல தெவசம் ஆகாத வூட்டுக்குச் சுண்ணாம்பு காட்டுவாளாடி? இன்னொரு சாவு வுழும்டி. நீயெல்லாம் படிச்சி இன்னா கிழிச்ச?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னார். "வுழட்டும் அண்ணி. எனக்கே வுழட்டும். செவுரு வெள்ளையா இருந்தா போதும். நீ அடிம்மா."

அடித்தேன். இருட்டுவதற்குள் முழுச் சுவரும் வெள்ளையாகிவிட்டது. அன்று ராத்திரி அம்மா பல நாட்களுக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணன் அன்றிலிருந்து, அம்மா காய்ச்சலில் விழும் வரை, எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடையும் வேறு யாருக்கோ போய்விட்டது. அதுவும் என் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய்க்குள் மண்ணும் குப்பையும் அடைத்து, சாக்கடைத் தண்ணீர் தெருவுக்கு ஏறி, வீட்டுக்குள் வந்தது. கரண்ட் இல்லை. அம்மாவின் கட்டில் கால் முழுகிவிட்டது. நான் கடையிலிருந்து வந்து சேர்வதற்குள், அம்மா தானே இறங்கி அந்தத் தண்ணீரில் நின்றிருக்கிறார். இரும்பு வைத்த இடத்தில் முன்பே ஒரு புண் ஆறாமல் இருந்தது. அதில் சீழ் பிடித்தது, காய்ச்சல் வந்தது, நினைவு தப்பியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் என்னிடமும் அண்ணனிடமும் சேர்த்துத்தான் சொன்னார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அம்மாவைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தோம். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் அன்னிக்கே சொன்னன். சுண்ணாம்பு சும்மா வுடுமா?" என்றார். சாக்கடைத் தண்ணீர் வந்தது ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா என்று கேட்டேன். அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி எல்லா வூட்லயும்தான் வந்துச்சி. சாவு இந்த வூட்லதான வுழுந்துச்சி" என்றார். அத்தனை பேர் இருந்தீர்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் எனக்கும் நாக்கு எழவில்லை.

இப்போது எழுந்திருக்கிறது. தண்ணீர் எல்லா வீட்டிலும் வந்தது, உண்மை. மற்ற வீடுகளில் அதே கால்வாயில் விழுந்து, காலில் இரும்பும் ஆறாத புண்ணுமாகக் கிடந்தவர் யாரும் இல்லை. என் அம்மாவை அந்தக் கால்வாய் இரண்டு தடவையாகக் கொன்றது. மார்கழியில் பாதி, ஐப்பசியில் மீதி. கால்வாய் வெட்டியவரை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டீர்கள். அவரைக் கேட்டால் நாளைக்குக் காரியம் ஆகாது. கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணைக் கேட்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அத்தைக்காவது அது நிஜமான பயம், அவர் தம்பி வீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஓடி வந்தார். உங்களுக்கு அந்தப் பயம்கூடக் கிடையாது.

நினைவு மலர் என்றால் நன்றி சொல்லி முடிக்க வேண்டும். சொல்கிறேன். மழையில் என் அம்மாவைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. இடுப்பளவு சாக்கடையில் இறங்கி வந்து தூக்கிய ஆட்டோக்காரருக்கு நன்றி. நைனா போன அன்று யூனிபாரத்தோடு வந்து, எதுவும் பேசாமல் வெயிலில் நின்றுவிட்டுப் போன டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் நன்றி. பயமாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்ன அந்தச் சுவர் எழுதுகிறவருக்கும் நன்றி. மற்றவர்களுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறோம், வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

வரும்போதே பார்த்திருப்பீர்கள், சுவரில் திரும்பவும் எழுத்து இருக்கிறது. அம்மாவை எடுத்த அன்று எழுதியது. "கட்சிக் குடும்பத்தின் அன்னையாருக்கு" என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கும் ஒரு வருஷம் ஆகட்டும், அதுவரை தொடாதே என்று அண்ணன் ஆள் விட்டுச் சொன்னார். நான் தொடப் போகிறேன். இன்று சாயங்காலம் பந்தி முடிந்ததும் அடிக்கிறேன். சுண்ணாம்பு நேற்றே நீற்றியாகிவிட்டது, பிரஷ் இரண்டு இருக்கிறது. யாருக்கு மனசு வருகிறதோ வந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அத்தையாக இருந்தாலும் சரி, அண்ணனாக இருந்தாலும் சரி. மனசு வராதவர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம். வாசலைத் தாண்டும்போது மட்டும் கீழே பார்த்துக் காலை வையுங்கள். கால்வாய்க்கு இன்னும் சிலாப் போடவில்லை.